மழைக்காலமும் அடித்தளக் கான்கிரீட்டும்

(ஊரக வளர்ச்சி அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் அடங்கிய அவையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

ஒரு நாட்டின் வளர்ச்சியை எடுத்துரைக்கும்போது அணைகள், பாலங்கள், ஆலைகள், குடியிருப்புகள் ஆகியவற்றின் எண்ணிக்கையைக் கூறுவது வழக்கம். இவை யாவும் கண்ணுக்குப் புலப்படுபவை. இவற்றைத் தாங்கி நிற்கும் அடித்தளமோ மண்ணுக்குள் மறைந்துவிடுகிறது. திறப்பு விழாவன்று அதைக் காண்பவர் எவரும் இலர். ஆயினும் கட்டடத்தின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பது அதுவே. சுவரில் குறை நேர்ந்தால் பூசிச் சரிசெய்யலாம்; கூரை ஒழுகினால் மாற்றி அமைக்கலாம். அடித்தளம் பழுதுபட்டால் ஏழைக் குடும்பம் ஒன்றால் அதைத் திருத்திக்கொள்ள இயலாது.

அடித்தளத்திற்குக் கான்கிரீட் இடும் நாளில் மழை பெய்தால் என்ன செய்வது என்பது பொறியாளர்க்கு மட்டுமே உரிய வினாவாகத் தோன்றலாம். உண்மையில் அது பொதுப் பணம் எந்த மாதத்தில், எந்த நிபந்தனையுடன் செலவிடப்படுகிறது என்ற வினாவோடு நெருங்கிய தொடர்பு உடையது. ஆகவே பொறியியல், பொருளாதாரம் ஆகிய இரு கோணங்களிலும் இதனை ஆராய்தல் தகும்.

இந்தியாவின் ஆண்டு மழையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் பெய்கிறது. 1971 முதல் 2020 வரையிலான காலத்தைக் கொண்டு கணக்கிடப்பட்ட தென்மேற்குப் பருவமழையின் நாட்டுச் சராசரி சுமார் 87 செ.மீ. ஆகும். ஜூன் 1 அளவில் கேரளத்தில் தொடங்கும் பருவமழை ஜூலை முற்பகுதியில் நாடு முழுவதும் பரவி, செப்டம்பர் நடுவில் வடமேற்கிலிருந்து பின்வாங்கத் தொடங்குகிறது. அசாமிலோ ஏப்ரல் மாதத்திலேயே இடியுடன் கூடிய மழை வந்துவிடுகிறது. தமிழ்நாட்டின் கடற்கரை மாவட்டங்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே முக்கியமானது. ஆக, நாட்டின் பெரும்பகுதியில் ஆண்டின் மூன்றில் ஒரு பங்கு காலம் கட்டுமான வேலை நனைந்த மண்ணில் நடைபெற வேண்டும். இல்லையேல் நின்றுபோக வேண்டும். இவ்விரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது, அதன் விலையை யார் செலுத்துவது என்பதே இவ்வுரையின் பொருள்.

நீரின் இருவகைப் பணி

கான்கிரீட் என்பது சிமெண்ட், மணல், ஜல்லி, நீர் ஆகிய நான்கும் சேர்ந்த கலவை. சிமெண்டும் நீரும் வேதியியல் முறையில் ஒன்றுகூடுவதால்தான் கலவை கல்லாக இறுகுகிறது. எனவே, 'காய்ந்தால்தான் கான்கிரீட் கெட்டியாகும்' என்ற பரவலான எண்ணம் தவறானது. இறுகிய கான்கிரீட்டுக்கு நீர் தொடர்ந்து தேவைப்படுகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 456 என்ற விதித் தொகுப்பு, சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டினால் ஆன கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாட்களும், கலப்புச் சிமெண்டினால் ஆனதைக் குறைந்தது 10 நாட்களும் ஈரமாக வைத்து நீராற்ற வேண்டும் என்கிறது. கோடையில் இட்ட கான்கிரீட் நீராற்றப்படாமல் வெடித்துக் கிடப்பதைப் பல ஊர்களில் காணலாம். அந்த வகையில், இறுகி முடிந்த கான்கிரீட்டின் மேல் பெய்யும் மிதமான மழை செலவில்லாத நீராற்றலே ஆகும்.

தீங்கு நேர்வது இறுகுவதற்கு முன்புள்ள சில மணி நேரத்தில்தான். கலவையில் சேரும் நீர் அளவுக்கு மிஞ்சினால், சிமெண்டோடு கூடாத மிகுதி நீர் பின்னர் வெளியேறி, தான் இருந்த இடத்தில் நுண்ணிய துளைகளை விட்டுச் செல்கிறது. துளைகள் மிகுந்தால் வலிமை குறையும். அவற்றின் வழியே ஈரமும் உப்பும் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். நீரின் எடைக்கும் சிமெண்டின் எடைக்கும் உள்ள விகிதமே வலிமையை நிர்ணயிக்கிறது என்பதை டஃப் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1918 ஆம் ஆண்டில் நிறுவினார். நூறாண்டுகளுக்குப் பின்னும் அவ்விதியே கட்டுமானத்தின் ஆதாரமாக விளங்குகிறது. இவ்விகிதம் 0.5 என்பதிலிருந்து 0.7 ஆக உயர்ந்தால் வலிமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும் எனக் கொள்ளலாம்.

மூன்று வழிகளில் நுழையும் நீர்

மழைக்காலத்தில் கணக்கில் வராத நீர் மூன்று வழிகளில் கலவையை அடைகிறது. முதலாவது, குவித்து வைத்துள்ள மணலிலும் ஜல்லியிலும் ஒட்டியிருக்கும் நீர். இரண்டாவது, தோண்டிய குழியில் தேங்கியுள்ள நீர். மூன்றாவது, இட்ட கான்கிரீட்டின் மேல் நேரே விழும் மழை. பலரும் மூன்றாவதைக் கண்டே அஞ்சுகின்றனர். தார்ப்பாயைத் தேடி ஓடுகின்றனர். ஆனால் மழை நின்ற பிறகும் ஓசையின்றித் தீங்கு செய்வது முதலாவதாகும்.

ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். எம் 20 என்னும் தரத்தில் விகித முறைப்படி கலக்கும்போது, 50 கிலோ எடையுள்ள ஒரு மூட்டை சிமெண்டுக்கு உலர்ந்த மணலும் ஜல்லியும் சேர்ந்து 250 கிலோவுக்கும், நீர் 30 லிட்டருக்கும் மிகாமல் இருக்க வேண்டும் என ஐ.எஸ். 456 கூறுகிறது. மணலும் ஜல்லியும் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் இருப்பதாகக் கொண்டால், மணல் சுமார் 83 கிலோ, ஜல்லி சுமார் 167 கிலோ ஆகும். நன்கு நனைந்த மணல் தன் எடையில் 7.5 விழுக்காடு நீரைச் சுமந்திருக்கும் என்றும், நனைந்த ஜல்லி 1.25 முதல் 2.5 விழுக்காடு வரை சுமந்திருக்கும் என்றும் அதே தொகுப்பு மதிப்பிடுகிறது. அதன்படி மணலில் 6 லிட்டருக்குச் சற்று மேலும், ஜல்லியில் 2 முதல் 4 லிட்டர் வரையிலும் நீர் ஏற்கெனவே இருக்கிறது. அதாவது, அனுமதிக்கப்பட்ட 30 லிட்டரில் 8 முதல் 10 லிட்டர் வரை, கொத்தனார் வாளியைத் தொடும் முன்பே கலவைக்குள் வந்துவிட்டது. அவர் வழக்கம்போல் 30 லிட்டரையும் ஊற்றினால் நீர்–சிமெண்ட் விகிதம் 0.6 என்பதற்குப் பதிலாக 0.8 ஐ நெருங்குகிறது. கலவை இளகி எளிதாகப் பரவுவதால் வேலையாட்களுக்கு அது நல்ல கலவையாகவே தோன்றும். வலிமை இழந்தது எவர் கண்ணுக்கும் தெரியாது. இங்கே வேண்டுவது புதிய இயந்திரம் அன்று; 30 லிட்டரில் மூன்றில் ஒரு பங்கை நிறுத்திவைத்துக்கொண்டு, கலவை கேட்கும் அளவுக்கே சிறிது சிறிதாகச் சேர்க்கும் பழக்கமே போதுமானது.

ஈரமணலுக்கு இன்னொரு குணமும் உண்டு. இலேசாக நனைந்த மணலின் துகள்கள் நீர்ப் படலத்தினால் ஒன்றையொன்று விலக்கி நிற்பதால் அது பருத்துக் காட்டும். சட்டியால் அளந்து கலக்கும் இடங்களில், நான்கு சட்டி என்று எண்ணிப் போட்டது உண்மையில் மூன்றேகால் சட்டியாக இருக்கக்கூடும். மணல் குறைந்தால் ஜல்லிகளுக்கு இடையே வெற்றிடம் விழுந்து, கான்கிரீட் தேன்கூடு போல ஆகிவிடும். இதனைக் கண்டறிய ஆய்வகம் வேண்டியதில்லை. ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் 200 மி.மீ. உயரத்திற்கு ஈரமணலை நிரப்பி, அதை வெளியே எடுத்து, பாத்திரத்தில் பாதியளவு நீர் ஊற்றி, அதே மணலை மீண்டும் இட்டுக் கிளறிப் படியவிட வேண்டும். நீரில் முழுதும் மூழ்கிய மணல் பருமனை இழந்து தன் உண்மை அளவுக்குத் திரும்பும். அது 160 மி.மீ. உயரத்தில் நின்றால் பருமன் 25 விழுக்காடு என்பது பொருள். அதற்கேற்ப ஒவ்வொரு கலவைக்கும் மணலின் அளவைக் கால் பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும்.

மழை நேரே விழுவதற்கும் கணக்கு உண்டு. 25 மி.மீ. மழை என்றால் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பிலும் 25 லிட்டர் நீர் விழுகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பும் 30 செ.மீ. தடிப்பும் உள்ள தூண் அடித்தளத்தில், மேற்கூறிய விகிதப்படி இருக்கத்தக்க நீரே சுமார் 65 லிட்டர்தான். விழும் மழை முழுவதும் உட்புகுவதில்லை என்பது உண்மையே. ஆனால் அது மேற்பரப்பிலுள்ள சிமெண்டைக் கழுவி ஓரங்களுக்குக் கொண்டுசென்று, மணலும் ஜல்லியும் மட்டும் தெரியும்படி விட்டுவிடுகிறது. தூண் எழும்ப வேண்டிய இடமே அப்பரப்பு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

குழியின் நிலை

அடித்தளக் குழியை முழு ஆழத்திற்கும் தோண்டிவிட்டு, கம்பி வருவதற்கும் சிமெண்ட் வருவதற்கும் நாட்கணக்கில் காத்திருப்பது ஊர்ப்புறங்களில் அன்றாடக் காட்சி. இடையில் பெய்யும் ஒரே இரவு மழை அடிமண்ணைச் சேறாக்கிவிடும். களிமண் நிலத்தில் இதன் விளைவு கடுமையானது. நனைந்த களிமண் சுமை தாங்கும் ஆற்றலை வெகுவாக இழக்கிறது. கீழே உள்ள சேற்றை அகற்றாமல் அதன்மேல் எவ்வளவு உயர்ந்த கான்கிரீட்டை இட்டாலும், அது மெத்தையின் மேல் வைத்த கல்லாகவே இருக்கும்; வீடு எழும்பியதும் சமமின்றி அமிழ்ந்து சுவரில் விரிசல் காட்டும்.

இதற்கு மாற்று எளிது. குழியின் கடைசி 15 செ.மீ. மண்ணைத் தோண்டாமல் விட்டு, கான்கிரீட் இடும் நாளன்று காலையில் மட்டும் அதை எடுக்க வேண்டும். எடுத்தவுடன் 75 முதல் 100 மி.மீ. வரை மெலிந்த கலவையால் ஒரு தளம் இட்டுவிட்டால், அடிமண் மழையிலிருந்து காக்கப்படும். கம்பியையும் சேறுபடாமல் வைக்கலாம். குழியைச் சுற்றிச் சிறு வரப்பும் வடிகாலும் அமைத்தால் வெளிநீர் உட்புகாது. குழியின் ஒரு மூலையில், அடிமட்டத்துக்கும் சற்றுத் தாழ்வாக, நீர் சேரும் பள்ளம் ஒன்று வெட்டி அங்கிருந்தே நீரை இறைக்க வேண்டும். புதுக் கான்கிரீட்டுக்கு அருகிலேயே குழாயை வைத்து இறைத்தால் நீரோடு சிமெண்டும் வெளியேறிவிடும். தேங்கிய நீரில் உலர்ந்த சிமெண்டைக் கொட்டி நீரை 'உறிஞ்சச் செய்யும்' வழக்கம் சில இடங்களில் உண்டு. அதனால் பயன் ஏதும் இல்லை, சிமெண்ட் வீணாவது ஒன்றே மிச்சம்.

கம்பிக்கு வெளியே கான்கிரீட்டின் காப்பு அடித்தளத்தில் குறைந்தது 50 மி.மீ. இருக்க வேண்டும். ஈரமண்ணில் கருங்கல் சில்லுகளை வைத்துக் கம்பியைத் தாங்கினால் அவை அமிழ்ந்து, கம்பி மண்ணைத் தொடும். சிமெண்ட் கட்டைகளை மெலிந்த கலவைத் தளத்தின் மேல் வைப்பதே முறை. மேலும், நிலத்தடி நீரோடு தொடர்புள்ள கம்பிக் கான்கிரீட்டுக்கு எம் 25 தரமும், 0.5 க்கு மிகாத நீர்–சிமெண்ட் விகிதமும் வேண்டும் என்று ஐ.எஸ். 456 கூறுவதால், நீர் தேங்கும் நிலத்தில் கட்டுவோர் இன்னும் கூடுதலான கவனம் கொள்ளக் கடமைப்பட்டவர்கள்.

இட்டுக்கொண்டிருக்கும்போதே மழை வலுத்தால், ஒரு தூணுக்குரிய அடித்தளத்தை முடித்து மூடிவிட்டு அடுத்ததைத் தொடங்காமல் நிறுத்துவது நன்று. மேற்பரப்பு கழுவப்பட்டிருந்தால், சிமெண்ட் போன அந்தப் படலத்தைச் சுரண்டி நீக்கி, பரப்பைச் சொரசொரப்பாக்கித் தூய்மை செய்த பின்னரே மேல்வேலை தொடர வேண்டும். சிமெண்ட் மூட்டைகளைத் தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் பலகை மேல், சுவரைத் தொடாமல், பத்து மூட்டைக்கு மேல் அடுக்காமல், பாலித்தீன் உறையால் மூடி வைக்க வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துக் கூறலாம்.

குழிக்குள் இறங்கி வேலை செய்பவர்களின் உயிரும் இதில் அடங்கியுள்ளது. தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவித்தால், நனைந்து கனத்த அம்மண் பக்கச் சுவரை உள்ளே தள்ளிவிடும். குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிக் குவிப்பதும், ஆழமான குழிக்குப் பலகை முட்டுக் கொடுப்பதும், நீரில் கிடக்கும் மின்கம்பியுடன் மோட்டாரை இயக்காமல் இருப்பதும் எந்தக் கால நெருக்கடியிலும் கைவிடத் தகாதவை.

பெரிய பாலமும் சிறிய வீடும்

பெரிய திட்டங்கள் பருவத்தை மதித்தே நடைபெற்றன. அசாமில் பிரம்மபுத்திராவின் குறுக்கே, திப்ருகருக்கும் தேமாஜிக்கும் இடையே அமைந்த போகிபீல் ரயில்–சாலைப் பாலம் 4.94 கி.மீ. நீளம் உடையது. 2002 இல் வேலை தொடங்கி, 2018 டிசம்பர் 25 அன்று திறக்கப்பட்டது. வெள்ளமும் மழையும் காரணமாக ஆற்றுக்குள் ஆண்டுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை ஏறத்தாழ ஐந்து மாதங்களே வேலை செய்ய முடிந்தது. மீதிக் காலத்தில் கரையில் செய்யத்தக்க வேலைகளைத் திட்டமிட வேண்டியிருந்தது. இத்தகைய ஆற்றுப் பாலங்களில் கிணறு போன்ற அடித்தளங்களை இறக்கி, அவற்றின் அடியை நீருக்குள்ளேயே கான்கிரீட்டால் அடைப்பது வழக்கம். அவ்வாறு செய்யும்போது கான்கிரீட் நீரைக் கடந்து விழாதபடி, குழாயின் வாய் எப்போதும் புதிய கான்கிரீட்டுக்குள் மூழ்கியிருக்குமாறு பார்த்துக்கொள்வார்கள். ஒரு கன மீட்டருக்கு 350 கிலோவுக்குக் குறையாத சிமெண்ட், தேங்கி நிற்கும் அசைவற்ற நீர், கான்கிரீட் இடும்போதும் அதன்பின் 24 மணி நேரமும் நீர் இறைக்காமை ஆகியவை அதற்குரிய விதிகள். நீருக்கு அடியிலேயே நல்ல கான்கிரீட் இட முடியும் என்றால், மழையில் இட முடியாது என்று கூற இயலாது. ஆனால் அதற்குத் திட்டமும் கருவியும் மேற்பார்வையும் வேண்டும்.

சிறிய வீட்டுக்கு இம்மூன்றும் இல்லை. 1985 இல் தொடங்கிய இந்திரா வீட்டுவசதித் திட்டம், 2016 முதல் பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டமாக மறுவடிவம் பெற்றது. அதன்கீழ்ச் சமவெளிப் பகுதிகளில் 1.20 லட்சம் ரூபாயும், மலைப் பகுதிகள், வடகிழக்கு மாநிலங்கள் முதலியவற்றில் 1.30 லட்சம் ரூபாயும் ஒரு வீட்டுக்கு உதவித் தொகையாக நிர்ணயிக்கப்பட்டன. வீட்டின் பரப்பு குறைந்தது 25 சதுர மீட்டர். முதலில் 2.95 கோடி வீடுகள் என்ற இலக்குடன் நடந்த இத்திட்டத்திற்கு, 2024 ஆகஸ்டில் மேலும் 2 கோடி வீடுகளுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. பயனாளியே தம் வீட்டைக் கட்டிக்கொள்கிறார். தொகை தவணைகளாக, கட்டுமானத்தின் நிலைகளோடு இணைத்து, அவருடைய வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. ஒவ்வொரு நிலையும் இடக்குறிப்புடன் கூடிய புகைப்படத்தால் உறுதிசெய்யப்படுகிறது. இடைத்தரகரை விலக்கியது இம்முறையின் பெரும் சிறப்பு என்பதில் ஐயமில்லை.

எனினும் ஒரு குடும்பத்தின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். மே மாதக் கடைசியில் முதல் தவணை கிடைக்கிறது. பழைய குடிசையைப் பிரித்தாகிவிட்டது; குடும்பம் உறவினர் வீட்டுத் திண்ணையிலோ தார்ப்பாய்க்குக் கீழோ தங்கியிருக்கிறது. அடித்தளம் முடிந்ததாகப் படம் எடுத்தால்தான் அடுத்த தவணை வரும். கொத்தனாரும் வேறு வேலைக்குச் செல்லுமுன் முடித்துவிடத் துடிக்கிறார். அந்த நிலையில் வானம் கறுத்தால் அக்குடும்பம் காத்திருக்குமா? சேற்றோடு சேற்றாகக் கான்கிரீட் இடப்படும். மறுநாள் எடுக்கும் படத்தில் அடித்தளம் தெரியும். அதன் அடியில் உள்ள சேறு தெரியாது. அந்தக் குடும்பத்தின் வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே கிடைக்கும் அரசு உதவி இவ்வாறு பலவீனமான தரையில் நிற்கத் தொடங்குகிறது.

வரவு செலவுத் திட்டமும் பருவமும்

பொது நிதியின் நாட்காட்டிக்கும் மழையின் நாட்காட்டிக்கும் உள்ள பொருத்தமின்மை பழையது. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதி ஆண்டு 1867 முதல் நடைமுறையில் உள்ளது. 1984 இல் அமைக்கப்பட்ட எல்.கே. ஜா குழு, பருவமழையின் விளைவுகளைக் கருத்திற்கொண்டு நிதி ஆண்டை ஜனவரியில் தொடங்கலாம் எனப் பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. 2016 வரை மைய அரசின் வரவு செலவுத் திட்டம் பிப்ரவரிக் கடைசியில் அளிக்கப்பட்டு, மார்ச்சில் இடைக்காலச் செலவு ஒப்புதல் மட்டும் பெற்று, முழு ஒப்புதல் மே மாதத்தில்தான் கிடைத்து வந்தது. துறைகளின் கையில் முழு நிதி சேரும் நேரத்தில் மழையும் வந்து சேர்ந்தது. 2017 முதல் பிப்ரவரி 1 அன்றே வரவு செலவுத் திட்டத்தை அளித்து மார்ச் இறுதிக்குள் ஒப்புதல் பெறும் வழக்கம் ஏற்பட்டது. ஏப்ரல், மே ஆகிய இரு வறண்ட மாதங்களும் வேலைக்குக் கிடைக்க வேண்டும் என்பது இம்மாற்றத்தின் நோக்கங்களில் ஒன்று. பொதுத் தேர்தல் நடந்த 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் மட்டும் முழு வரவு செலவுத் திட்டம் ஜூலையில் அளிக்கப்பட்டது.

இது நல்ல சீர்திருத்தமே. ஆனால் தில்லியில் நாட்காட்டி மாறினால் மட்டும் போதாது. மையத்திலிருந்து மாநிலம், மாநிலத்திலிருந்து மாவட்டம், ஊராட்சி ஒன்றியம், பயனாளி எனத் தொகை இறங்கி வரும் ஒவ்வொரு படியிலும் சில வாரங்கள் கழிகின்றன. தவிர, ஏப்ரலில் தொகை கிடைப்பது மகாராஷ்டிரத்துக்குப் பொருந்தும். ஏப்ரலிலேயே மழை தொடங்கும் அசாமுக்குப் பொருந்தாது. அங்கே அக்டோபர்க் கடைசியில் தவணை கையில் இருந்தால்தான் பயன். நாடு முழுவதற்கும் ஒரே நாட்காட்டி என்பது கணக்குத் துறைக்கு வசதியானது. மண்ணுக்கு அது தெரியாது.

காத்திருப்பின் விலை

பொருளாதார மாணவர்கள் கவனிக்க வேண்டிய கூறு ஒன்று உண்டு. காத்திருப்பதற்குச் செலவு இருக்கிறது: கூலி இழப்பு, வாடகை, கடன் வட்டி, விலை ஏற்றம், இலக்கு தவறியதாக அலுவலர் மீது வரும் குறை. இவை உடனே தெரிபவை, எண்ணாகப் பதிவாகுபவை. காத்திராமல் இருப்பதற்கும் செலவு உண்டு: விரிசல், துரு, ஒழுக்கு, நில நடுக்கத்தின்போது நேரக்கூடிய சரிவு. இவை பல ஆண்டுகளுக்குப் பின் வருபவை. எந்த அறிக்கையிலும் பதிவாகாதவை. முதல் வகைச் செலவைப் பலர் பகிர்ந்துகொள்கின்றனர். இரண்டாம் வகை முழுவதும் ஒரே குடும்பத்தின் தலையில் விழுகிறது. முடிவெடுப்பவரும் விளைவை அனுபவிப்பவரும் வேறு வேறாக இருக்கும் இடத்தில் அவசரமே வெல்லும் என்பது எதிர்பார்க்கத்தக்கதே. ஆதலால் அவசரத்தைக் குறை கூறுவதால் மட்டும் பயன் இல்லை. காத்திருப்பதை இயலக்கூடியதாக ஆக்குவதே நிருவாகத்தின் பணி.

அதே வேளையில், மழை என்ற காரணத்தைக் காட்டி நான்கு மாதங்களும் வேலையை நிறுத்திவிடுவதும் சரியன்று. நாட்கூலியையே நம்பியுள்ள கட்டடத் தொழிலாளர்க்கு அது பட்டினியாகும். மழைக்காலத்திலும் தெளிந்த நாட்கள் பல உண்டு. அந்நாட்களைப் பயன்படுத்தும் ஆயத்தம்தான் வேண்டும்.

செய்யத் தக்கவை

முதலாவதாக, ஒவ்வொரு மாவட்டமும் தன் மழைக் கணக்கைக் கொண்டு அடித்தள வேலைக்குரிய மாதங்களை வரையறுத்து, முதல் தவணை அம்மாதங்களின் தொடக்கத்திலேயே கிடைக்குமாறு செய்யலாம். பழைய வீட்டைப் பிரிப்பதும் அதற்கேற்பவே நடைபெற வேண்டும். மழைக்கு முன் அடித்தளமும் தரைமட்டமும் முடிந்துவிட்டால், சுவர் வேலையைத் தெளிந்த நாட்களில் தொடரலாம்.

இரண்டாவதாக, கான்கிரீட் இட்ட பிறகு எடுக்கும் படத்தோடு, இடுவதற்கு முன் குழியின் அடித்தரையையும் கம்பியையும் காட்டும் படம் ஒன்றையும் பதிவுசெய்யலாம். செலவு ஏதும் இல்லாத இச்சிறு மாற்றம், மறையப்போகும் பகுதியின் மேல் கண் படச் செய்யும்.

மூன்றாவதாக, மழையினால் நிறுத்தப்பட்ட வேலைக்குக் கால நீட்டிப்பு இயல்பாகவே கிடைக்க வேண்டும். ஒப்புதல் பெற்ற 12 மாதங்களுக்குள் வீட்டை முடிக்க வேண்டும் என்ற விதியில், மழை மாதங்கள் அடங்கியுள்ளன என்பதை மேற்பார்வையாளர்கள் மறக்கலாகாது.

நான்காவதாக, தார்ப்பாய், சிறிய நீர் இறைக்கும் இயந்திரம், மணல் மூடும் உறை ஆகியவற்றை ஊராட்சியோ மகளிர் சுயஉதவிக் குழுவோ வாங்கி வைத்து வாடகைக்குக் கொடுக்கலாம். ஒரு வீட்டுக்கு இவை ஓரிரு நாட்களே தேவைப்படுவதால், தனித்தனியே வாங்குவது வீண். பொதுவில் வைத்திருப்பதே சிக்கனம்.

ஐந்தாவதாக, நிலத்துக்கேற்ற அடித்தளத்தைத் தேர்வுசெய்ய வேண்டும். மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் ஆகியவற்றின் கரிசல் நிலம் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அத்தகைய மண்ணுக்கென ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடி அகன்ற குறுந்தூண் அடித்தளத்தை உருவாக்கிப் பரப்பியது. நிலத்தில் துளையிட்டுக் கூடிய வரை அன்றே கான்கிரீட்டால் நிரப்பிவிடுவதால், அகன்ற குழி மழைக்குத் திறந்து கிடக்கும் தொல்லை இதில் இல்லை. அசாமின் வெள்ளச் சமவெளியில் மிசிங் மக்கள் கால்களின் மேல் உயர்த்திக் கட்டும் சாங் வீடுகளும் நீரோடு வாழ்ந்த அனுபவத்தின் விளைவே. அவ்வறிவைப் புதுப் பொருள்களோடு இணைப்பது பொறியாளரின் கடமை.

ஆறாவதாக, கொத்தனார் பயிற்சி. கேரளத்தின் கொல்லத்தில் 1980 களின் நடுவில் தோன்றிய நிர்மிதி கேந்திரம், தொழிலாளர்க்குப் பயிற்சி அளித்துக் குறைந்த செலவுக் கட்டுமானத்தைப் பரப்பும் முறைக்கு வழிகாட்டியது. ஊரக வீட்டுவசதித் திட்டத்தின் கீழும் கொத்தனார்களுக்கு வேலைத்தளத்திலேயே 45 நாள் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. இத்தகைய பயிற்சிகள் உலர்ந்த காலத்தில் உலர்ந்த மணலைக் கொண்டு மட்டும் நடத்தப்பட்டால் பயன் பாதிதான். ஈரமணலை அளப்பது, நீரைக் குறைப்பது, குழியை வடிப்பது ஆகியவற்றை ஒரு மழை நாளில் கற்றவர் பிறகு மறக்க மாட்டார்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு கோருவதன்று. வாளியில் மூன்றில் ஒரு பங்கு நீரைக் குறைப்பது, கடைசி 15 செ.மீ. மண்ணை ஒருநாள் விட்டுவைப்பது, ஒரு தவணையை ஆறு வாரம் முன்னதாக அனுப்புவது என்ற அளவிலான செயல்களே இவை. ஆயினும் இவற்றைச் செய்யும் அலுவலர் தம் மேசையில் உள்ள இலக்குப் பட்டியலோடு, சன்னலுக்கு வெளியே உள்ள வானத்தையும் பார்க்கும் வழக்கம் கொண்டவராக இருத்தல் வேண்டும். கட்டி முடித்த வீடுகளின் எண்ணிக்கை மார்ச் 31 அன்று கணக்கிடப்படுகிறது. அவ்வீடுகள் எத்தனை மழைக்காலங்களைத் தாங்கி நிற்கின்றன என்பதை அவற்றில் வாழ்பவர்கள் ஆண்டுதோறும் கணக்கிட்டுக்கொண்டிருப்பார்கள்.